கார் டயரை 'ஒரு சைஸ் பெருசா' மாத்தலாமா? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான்!

கார் டயர் தேய்ந்துவிட்டது. கடையில் போய் நின்றால், "இந்த சைஸ் இப்போ ஸ்டாக் இல்ல சார். ஒரு சைஸ் பெருசா போட்டுக்கோங்க, கிரிப் நல்லா இருக்கும், வண்டியும் கெத்தா தெரியும்" என்கிறார்கள். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. போடலாமா, வேண்டாமா?

சில சைஸ்களைப் போடலாம், சிலதைப் போடவே கூடாது. எது எந்த ரகம் என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. செல்போனில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரே சொல்லிவிடும். இரண்டு நிமிடக் கணக்குதான். அதைப் போடாமல் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுவதில் தொடங்கி, முழு லோடில் டயர் மட்கார்டில் உரசுவது வரை பல சிக்கல்கள் வரும்.

டயர் மேல இருக்கும் எண்கள் என்ன சொல்லுது?

டயரின் பக்கவாட்டில் '185/65 ஆர் 15 88 ஹெச்' என்பது போல ஒரு வரி இருக்கும். மாருதி ஸ்விஃப்ட்டின் உயர் வேரியன்ட்கள் உட்பட நம் ஊரில் ஓடும் பல கார்களில் உள்ள சைஸ் இது. இதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். கடைசியில் வரும் 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஆர் என்றால் ரேடியல் டயர். 88 என்பது அந்த டயர் தாங்கக்கூடிய எடைக்கான குறியீட்டு எண். ஹெச் என்பது வேகக் குறியீடு, அதாவது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும்.

எல்லாரும் கோட்டை விடுவது நடுவில் இருக்கும் 65-ல்தான். 185-ம் மி.மீ., 65-ம் மி.மீ. என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் 65 என்பது ஒரு சதவீதம். டயரின் அகலத்தில் 65 சதவீதம் எவ்வளவோ, அதுதான் டயரின் பக்கச் சுவரின் உயரம். 185-ல் 65% என்றால் 120.25 மி.மீ.

ஒரே வரியில் ஒரு எண் மில்லிமீட்டர், ஒரு எண் சதவீதம், ஒரு எண் இன்ச் என்று கலந்து கட்டி வைத்திருப்பது விசித்திரம்தான். இதை மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. 1970-களில் மிஷ்லன் நிறுவனம் ரிம் அளவையும் மில்லிமீட்டருக்கே கொண்டுவந்து 'டிஆர்எக்ஸ்' என்ற டயரை வெளியிட்டது. அந்த ரிம்முக்கு வேறு எந்த டயரும் பொருந்தாது என்பதால் அது எடுபடவில்லை. உலகம் பழைய இன்ச் கணக்கிலேயே நின்றுவிட்டது.

அகலத்தைக் கூட்டினா உயரமும் கூடும்!

65 என்பது சதவீதம் என்பதால் வரும் விளைவு முக்கியமானது. 185/65-க்குப் பதில் 205/65 போட்டால் "அகலம் மட்டும்தானே 20 மி.மீ. கூடுது, மத்ததெல்லாம் அதே நம்பர்தானே" என்று தோன்றும். ஆனால் 205-ல் 65% என்பது 133.25 மி.மீ. பக்கச் சுவர் 13 மி.மீ. வளர்ந்துவிட்டது. சக்கரத்தின் மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆக மொத்த உயரத்தில் 26 மி.மீ. கூடிவிடும்.

முழுக் கணக்கு இப்படி: அகலத்தை நடு எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். வருவதை 2-ஆல் பெருக்க வேண்டும். அதோடு ரிம் அளவை 25.4-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கிடைப்பது டயரின் மொத்த உயரம், மில்லிமீட்டரில்.

185/65 ஆர் 15-க்கு: 120.25-ஐ இரண்டால் பெருக்கினால் 240.5. ரிம் 15 × 25.4 = 381. மொத்தம் 621.5 மி.மீ.

205/65 ஆர் 15-க்கு: 266.5 + 381 = 647.5 மி.மீ. பழைய டயரைவிட 4.2% பெரியது.

195/65 ஆர் 15-க்கு: 253.5 + 381 = 634.5 மி.மீ. இது 2.1% பெரியது.

195/60 ஆர் 15-க்கு: 234 + 381 = 615 மி.மீ. இது சுமார் 1% சிறியது.

டயர் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கைக்கணக்கு, மொத்த உயரத்தில் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. அந்த 3 கூட வெளி எல்லைதான். 2 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே குறைந்த இடம் உள்ள சின்ன கார்களில் 1 சதவீதமே போதும். அந்த அளவுகோலில் 205/65 அப்போதே வெளியே போய்விட்டது. 195/65 எல்லையில் நிற்கிறது. உயரத்தைப் பொறுத்தவரை பழைய டயருக்கு நெருக்கமானது 195/60. கடைக்காரர் "ஒரு சைஸ் பெருசா" என்று சொன்னால் அது இந்த மூன்றில் எது என்று முதலில் கேட்க வேண்டும்.

கார் கம்பெனியே எப்படி மாத்துது?

இந்தக் கணக்கை கார் நிறுவனங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஸ்விஃப்ட்டே நல்ல சாட்சி. அந்தக் காரின் ஆரம்ப வேரியன்ட்களில் 165/80 ஆர் 14 டயரும், உயர் வேரியன்ட்களில் 185/65 ஆர் 15 டயரும் வந்தன. பார்த்தால் மூன்று எண்களும் வேறு. கணக்குப் போட்டால், 165/80 ஆர் 14-ன் உயரம் 619.6 மி.மீ. மற்றது 621.5 மி.மீ. வித்தியாசம் வெறும் 2 மி.மீ.

இன்னோவா கிரிஸ்டாவிலும் இதே கதைதான். 205/65 ஆர் 16 டயரின் உயரம் 672.9 மி.மீ. உயர் வேரியன்ட்டில் வந்த 215/55 ஆர் 17-ன் உயரம் 668.3 மி.மீ. ரிம் ஒரு இன்ச் வளர்ந்திருக்கிறது, அதற்கு ஏற்றபடி ரப்பர் குறைந்திருக்கிறது, சக்கரம் அதே உயரத்தில் இருக்கிறது.

ரிம் பெரிதாகும்போது நடு எண் இறங்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். 'அப்சைஸ்' என்று அலாய் வீல் கடைகளில் சொல்லப்படுவது ஒழுங்காகச் செய்தால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இதனால், பேஸ் வேரியன்ட் வைத்திருப்பவர் டயரோடு ரிம்மையும் மாற்றத் தயார் என்றால், அதே மாடலின் டாப் வேரியன்ட்டில் நிறுவனம் கொடுத்த சைஸுக்குப் போவதே இருப்பதிலேயே பாதுகாப்பான வழி. அந்த சைஸை வைத்து நிறுவனமே அந்தக் காரைச் சோதித்திருக்கும்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டினா, நிஜ வேகம் என்ன?

காரின் மீட்டருக்கு சாலை தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். 185/65 ஆர் 15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 512 சுற்று. 205/65 போட்டால் அதே சுற்றில் அதிக தூரம் ஓடிவிடும். மீட்டர் மட்டும் பழைய கணக்கிலேயே காட்டிக்கொண்டிருக்கும்.

மாற்றத்துக்கு முன் மீட்டர் 100 காட்டிய அதே சக்கரச் சுழற்சியில், இப்போது கார் 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல் வேகத்தில் போகும். நெடுஞ்சாலையில் ஸ்பீடு கேமரா பார்ப்பது நிஜ வேகத்தைத்தான்.

இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. ஸ்பீடோமீட்டர்கள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ம் எண் வாகன விதிப்படி, மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதிகபட்சம் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும். பெரிய டயர் போடும்போது இந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் நாமே தின்றுவிடுகிறோம்.

ஓடோமீட்டருக்கும் இதே கதி. 205/65-ல் மீட்டர் 10,000 கி.மீ. ஓடியதாகக் காட்டும்போது கார் நிஜத்தில் சுமார் 10,400 கி.மீ. ஓடியிருக்கும். சர்வீஸ் தள்ளிப்போகும். "டயர் மாத்தினதுல இருந்து மைலேஜ் குறைஞ்சிருச்சு" என்ற புகாரிலும் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் கார், மீட்டரை வைத்துக் கணக்கிட்டால் 19.2 கொடுப்பது போலத் தெரியும்.

மீதிக் குறைவு நிஜம். அகலமான, கனமான டயரைச் சுற்றுவதற்கு இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். உயரமான சக்கரம் என்றால் கியர் ஒரு படி கூடின மாதிரி. சின்ன இன்ஜின் உள்ள காரில் மேட்டில் ஏறும்போது பிக்கப் குறைவது நன்றாகவே தெரியும்.

ரிம்முல ஏறிடுச்சுன்னா பொருந்திடுச்சா?

15 இன்ச் டயர் 15 இன்ச் ரிம்மில் ஏறத்தான் செய்யும். அதனால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ரிம்முக்கும் அகலம் உண்டு. ரிம்மின் மீது '5.5 ஜெ' என்பது போலப் பொறித்திருக்கும், அது இன்ச் கணக்கு. ஒவ்வொரு டயருக்கும் இந்த அகலத்திலிருந்து அந்த அகலம் வரை என்று வரம்பு இருக்கிறது. 185/65 ஆர் 15-க்கு 5 முதல் 6.5 இன்ச் வரை. 205/65 ஆர் 15-க்கு 5.5 முதல் 7.5 வரை. 5 இன்ச் ரிம்மில் 205 டயரைத் திணித்தால் அது பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும். வளைவில் டயர் ஆடும், நடுப்பகுதி சீக்கிரம் தேயும்.

அடுத்தது இடம். அகலம் 20 மி.மீ. கூடினால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10. உள்ளே ஷாக் அப்சார்பர், வெளியே மட்கார்டு. ஒர்க் ஷாப்பில் கார் காலியாக நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். குடும்பத்தோடு, டிக்கி நிறைய லக்கேஜோடு போய் ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போதுதான் 'கிர்ர்' என்ற சத்தம் வரும். அதனால் நான்கு டயரையும் மாட்டும் முன், முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு பின்பக்கம் ஒன்றை மாட்டி, பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்தும் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

புது அலாய் வீலும் சேர்த்து வாங்குபவர்கள் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் அளவு ஆகியவற்றோடு 'ஆஃப்செட்' எண்ணையும் பார்க்க வேண்டும். ஆஃப்செட் மாறினால் சக்கரம் மொத்தமாக உள்ளே போகும் அல்லது வெளியே தள்ளும். வெளியே தள்ளினால் பார்க்க அழகுதான், வீல் பேரிங்கின் மேல் விழும் பாரம்தான் கூடும்.

உயரம் சரி, எடை தாங்குமா?

உயரக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய டயர்கூட இந்த இடத்தில் தவறலாம். 185/65 ஆர் 15-க்குப் பதில் 195/55 ஆர் 16 போடுவதாக வைத்துக்கொள்வோம். உயரம் 620.9 மி.மீ. வித்தியாசம் 1 மி.மீ. கூட இல்லை. ஆனால் ரப்பர் குறைந்ததால் உள்ளே காற்று நிற்கும் இடமும் குறைந்துவிட்டது. எடையைத் தாங்குவது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். எனவே இந்த சைஸில் வழக்கமாகக் கிடைக்கும் டயரின் எடைக் குறியீடு 87.

88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ. 87 என்றால் 545 கிலோ. 85 என்றால் 515, 91 என்றால் 615. பட்டியல் இப்படிப் போகிறது. காருக்கு நிறுவனம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. ஏறினால் தவறில்லை. 195/55 ஆர் 16-லேயே 91 எண் கொண்ட கூடுதல் பலமுள்ள டயர்களும் வருகின்றன, கேட்டு வாங்கலாம். அவற்றுக்குக் காற்றழுத்தம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும்.

வேகக் குறியீட்டுக்கும் இதே விதிதான். டி என்றால் 190 கி.மீ., ஹெச் 210, வி 240. நம்ம ஊர் ரோட்டில் யார் 200-ல் போகிறார்கள் என்று கேட்கலாம். அந்த எழுத்து டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் காட்டுகிறது. மே மாத மதியத்தில், முழு லோடில், நான்கு வழிச்சாலையில் ஓடும் டயருக்கு அது தேவைப்படும்.

காருக்கு உரிய சைஸும், அதற்கான காற்றழுத்தமும் டிரைவர் கதவைத் திறந்தால் பக்கவாட்டுத் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயரைப் பார்த்துக் கணக்குப் போடாமல், இந்த ஸ்டிக்கரைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் கட்டாயம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஒரு சைஸ் ஏற்றியிருந்தால், அதற்கு மேல் இன்னொன்று ஏற்றும் விபரீதம் நடந்துவிடும்.

மழையும் பள்ளமும்

அகலமான டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும் என்பது பொதுவாக உண்மை. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் நிலைமை தலைகீழ். அகலம் கூடக் கூட, டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடுவது கடினமாகி, குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

அப்சைஸ் செய்பவர்கள் பக்கச் சுவரையும் கவனிக்க வேண்டும். 165/80 ஆர் 14-ல் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே 132 மி.மீ. ரப்பர். 185/65 ஆர் 15-ல் 120. 195/55 ஆர் 16-ல் 107. 205/45 ஆர் 17 வரை போனால் 92 மி.மீ.தான் மிச்சம். நான்கின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது அடி வாங்குவதற்கு இருக்கும் ரப்பர் ஒன்றல்ல. அலாய் வளைவதும், டயரின் பக்கவாட்டில் முட்டை போல வீங்குவதும் இப்படித்தான் நடக்கிறது. மழைக்காலத்தில் தினமும் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டுபவருக்கு 17 இன்ச் ஆசை கொஞ்சம் விலை உயர்ந்த ஆசைதான்.

ரெண்டு டயர் மட்டும் மாத்தினா?

ஒரே அச்சில் இடது பக்கம் ஒரு சைஸ், வலது பக்கம் வேறு சைஸ் என்பது கூடவே கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பதும் அதற்கென்றே தயாரான கார்களைத் தவிர மற்றவற்றில் வேண்டாம். ஏ.பி.எஸ். பிரேக்கும், வழுக்காமல் காக்கும் மற்ற மின்னணு வசதிகளும் நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. ஒரு சக்கரம் எப்போதும் வேறு வேகத்தில் சுற்றினால், வழுக்குகிறதா இல்லையா என்பதில் அவற்றுக்குக் குழப்பம் வரும். நான்கு சக்கரமும் இழுக்கும் 4 வீல் டிரைவ் வண்டிகளில் கியர் அமைப்பே சேதமாகலாம்.

ஸ்டெப்னியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு டயரும் புது சைஸ், டிக்கியில் இருப்பது பழைய சைஸ். உயர வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் என்றால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். 4 சதவீதம் என்றால் அதை நம்பி நெடுந்தூரம் போகக் கூடாது. சிறிய ஸ்டெப்னியோடு வரும் கார்களில் '80 கி.மீ.க்கு மேல் போகாதே' என்று ஸ்டெப்னியிலேயே எழுதியிருப்பதும் இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

கார் மேனுவலில் உள்ள சைஸ்களுக்குள் மாறினால் இந்தக் கவலை இல்லை. மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் டயர் என்றால் சோதனையில் நிறுத்திக் கேட்க வாய்ப்பு அதிகம். எஃப்.சி.க்குப் போகும் டாக்ஸிகளுக்கு இது இன்னும் முக்கியம். விபத்து நடந்து கிளைம் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி எழுப்பலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரிம்மும் டயரும் சேர்த்து மாற்றுபவர்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடலாம்.

சரி, ஸ்டாக் இல்லன்னா என்ன பண்றது?

185/65 ஆர் 15 போன்ற சைஸ்கள் பல மாடல்களுக்குப் பொதுவானவை. இரண்டு நாள் பொறுத்தால் அல்லது பக்கத்து ஊர் கடையில் கேட்டால் கிடைத்துவிடும். டயர் தேய்மானத்தைக் காட்டும் மேடுகள் டயரின் பள்ளங்களுக்குள்ளேயே இருக்கும். 1.6 மி.மீ. ஆழம் மிஞ்சும்போது அவை டயரின் மேற்பரப்புக்குச் சமமாக வந்துவிடும். அந்த நிலை வரும் முன்பே தேடத் தொடங்கினால், கடையில் இருப்பதை வாங்க வேண்டிய கட்டாயம் வராது.

சரியான சைஸ் கிடைத்ததும் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. மற்றொன்று, டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும் 4 இலக்க எண். 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அதனால் மாட்டுவதற்கு முன்பே டயரைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.